மாதாவாகப் படுத்த மத்தியானம்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. அதிலும் பாதி நாள் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றதுதான். ஒன்றைச் சொல்ல வந்தால் இன்னொன்று மறந்துபோகும், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தவக்காலத்தில் கோயில் ஹாலில் வைத்த படங்களைப் புத்தகமாகப் போடுகிறோம், படத்தில் இருக்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று தமிழ்க் குழுவில் கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாரும் போனிலேயே எழுதி அனுப்பிவிட்டார்களாம். நான் பேனாவில் எழுதுகிறேன். யார் பெயரும் போடக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். அதனால் மகள், படம் எடுத்த தம்பி, அவருடைய பெண்டாட்டி என்றே எழுதுகிறேன்.

என் மகள் ஷார்ஜாவில் நர்ஸ். ரோலாவில் ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ரூமும் அடுப்படியும் எடுத்திருக்கிறாள். மருமகன் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை. எப்போதாவதுதான் கரைக்கு வருவார். என் வீட்டுக்காரர் ஊரில் இறந்தபோது மகளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது கல்லறையில் மண் காய்ந்துவிட்டது. மாலைகூட வாடிப்போயிருந்தது. அதற்குப் பிறகுதான் என்னைத் தனியே விட மாட்டேன் என்று பிடிவாதமாக இங்கே கூட்டிக்கொண்டு வந்தாள்.

வந்த அன்றே சண்டை. என் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தவள், அடியில் இருந்த மெழுகுதிரியைப் பார்த்துவிட்டாள். பிப்ரவரி மாதத் திருநாளில் கோயிலில் மந்திரித்துக் கொடுப்பார்களே, அந்தத் திரி. எங்கள் கடற்கரையில் அதை வீட்டில் பத்திரமாக வைத்திருப்போம். சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் ஏற்றத்தான் அது; வேறு எதற்கும் எடுக்க மாட்டோம். கரண்ட் போனால்கூட எடுக்க மாட்டோம். என் வீட்டுக்காரருக்கு ஏற்றி மிச்சமிருந்ததை, அடையாளத்துக்கு நீல ரிப்பன் கட்டி எடுத்துவந்திருந்தேன்.

"இத ஏம்மா கொண்டு வந்தே?"

"இங்க யாரு வச்சிருப்பா? அவசரத்துக்குக் கடையில கெடைக்குமா?"

"என்ன அவசரம் ஒனக்கு?"

அதோடு பெட்டியை மூடிவிட்டாள். அதற்குப் பிறகும் நான் விடவில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது, என்னை ஊருக்கு அனுப்பு, அப்பா பக்கத்தில் எனக்கு இடம் இருக்கிறது, இங்கே செத்தால் பெட்டியில் அடைத்து விமானத்தில் போடுவீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

இந்த ஊரில் ஒரு விசயத்தை நான் வந்த கொஞ்ச நாளிலேயே கண்டுபிடித்தேன். கிழவிகளே கிடையாது. ரோலாவில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். பணம் அனுப்ப வரிசை, துபாய் பஸ்ஸுக்கு வரிசை, ஆனால் எல்லா முகமும் வேலை செய்கிற முகம். வயசானதும் ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். சாவு மேளம் இல்லை, தெருவில் பாடை போவதில்லை. சாவைப் பார்க்காமலே ஒரு வருசத்தை ஓட்டிவிடலாம். என் மகள்தான் ஆஸ்பத்திரியில் பார்ப்பாள். வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டாள்.

அதனால்தான் அந்தத் தம்பி என்னைத் தேடி வந்தார். ஏசி மெக்கானிக். எங்கள் பக்கத்துக் கடற்கரைதான். படம் எடுப்பதில் பைத்தியம். பழைய காலத்து வெளிநாட்டு ஓவியர்கள் வரைந்த வேதப் படங்களைப் போல நம் ஆட்களையே நிற்கவைத்து எடுத்து, தவக்காலத்தில் ஹாலில் மாட்டப் போகிறேன் என்றார். பெண்டாட்டியும் கூட வந்திருந்தாள்.

"பெரியம்மா, ஒங்கள விட்டா ஆளு இல்ல. ஷார்ஜா, அஜ்மான் பூரா தேடியாச்சு. சுருக்கம் விழுந்த மொகம் ஒண்ணு கெடைக்கல."

"என்னையே கெழவியாக்கப் பாத்தாரு, பெரியம்மா," என்றாள் அவள். "மாவப் பூசி, கண்ணுக்குக் கீழ மையத் தேச்சு. கண்ணாடியில பாத்து நானே பயந்துட்டேன். பேசாம இன்னும் முப்பது வருசம் பொறுங்க, தானா ஆயிருவேன்னு சொல்லிட்டேன்."

"எதுக்குக் கிழவி?" என்று கேட்டேன்.

"மாதா மரணம்."

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. "நான் மாதாவா? வேண்டாம் தம்பி. பாவம் வந்து சேரும்."

"அந்தக் காலத்துப் பெயிண்டரு மட்டும் மாதாவ வானத்துலேருந்தா எறக்குனாரு? தெருவுல போற பொம்பளயக் கூப்பிட்டுப் படுக்க வச்சுதான் வரைஞ்சாராம். அதுக்கே சாமியாருங்க சண்டைக்குப் போனாங்களாம்."

போனில் படங்களைக் காட்டினார். ஓவியர்கள் பெயரும் சொன்னார்; ஒன்றும் என் வாயில் நிற்கவில்லை. எனக்கு முதலில் அந்தப் படங்கள் பிடிக்கவில்லை. போன் கெட்டுப்போய்க் கறுப்பாகத் தெரிகிறது என்றுதான் நினைத்தேன். ஒரு எலும்புத் தாத்தா, மேசையில் மண்டை ஓடு. ஒரு பொம்பிளை மண்டை ஓட்டை மடியில் வைத்துக்கொண்டு விளக்கைப் பார்க்கிறாள். ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்குகிறார்கள். ஆண்டவருடைய உடம்பு வெளுத்து, கை தொங்கி, நாம் கரையில் பார்த்த பிணம் மாதிரியே இருக்கிறது. முழங்கால் போட்டிருக்கிறவனுடைய உள்ளங்கால் நமக்கு நேராகத் தெரிகிறது. அதில் அழுக்கு.

"காலக் கழுவிட்டு வரப்படாதா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆனால் அவர்கள் போன பிறகு எனக்கு அது மனசை விட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டு மாதா படத்தில் நிழலே கிடையாது. முகம், கை, நீல அங்கி, காலடியில் பாம்பு, எல்லாவற்றுக்கும் ஒரே வெளிச்சம். நிழல் இல்லாதவர்களிடமே இத்தனை வருசம் ஜெபித்திருக்கிறேன். இந்தப் படங்களில் வெளிச்சம் ஒரு பக்கமிருந்துதான் வருகிறது, இருட்டு வீட்டில் யாரோ கதவைத் திறந்தது மாதிரி. பாதி முகம் இருட்டில் கிடக்கும்போதுதான் மீதி முகத்தை உற்றுப் பார்க்கத் தோன்றுகிறது. என் வீட்டுக்காரர் கடைசியாகக் கிடந்தபோது அவர் முகம் அப்படித்தான் இருந்தது. அதை அப்போது பார்த்தேன் என்பதே இந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

சரி என்று சொல்லிவிட்டேன். மகளிடம் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் மறைக்கவில்லை. இந்த வயசில் போட்டோவுக்குப் படுக்கப் போகிறேன் என்று சொல்ல வெட்கம். அவள் டூட்டி முடிந்து சாயங்காலம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார் தம்பி.

ஒரு மத்தியானம் சாமான்களோடு வந்தார்கள். முதலில் இருட்டு வேண்டும் என்றார். ரோலாவில் இருட்டுக்கு எங்கே போவது? பகலில் வெயில், ராத்திரியில் எதிர்க்கடை போர்டு சிவப்பும் பச்சையுமாக ரூமுக்குள் அடிக்கும். கறுப்புக் குப்பைப் பைகளைப் பிரித்து ஜன்னல் முழுக்க டேப் போட்டு ஒட்டினார். மேலே ஒரு கை அகலம் மட்டும் விட்டார். அதிலிருந்து வெளிச்சம் சாய்ந்து கட்டில் தலைமாட்டில் விழுந்தது. பெண்டாட்டி தன் கல்யாணச் சேலையை, சிவப்புப் பட்டு, கட்டிலுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாள்.

"ஏசி ரிப்பேருன்னா ஒம்பது தடவ கூப்பிடணும் இவர," என்று முணுமுணுத்தாள். "குப்பைப் பை ஒட்டணும்னா பறந்து வாராரு."

நான் வெள்ளைச் சேலை கட்டிப் படுத்தேன். கால் வெறுமையாக வெளியே தெரிய வேண்டும் என்றார். நீர் கோத்து வீங்கின கால். மூடிக்கொள்ளப் பார்த்தேன். "அதான் வேணும், பெரியம்மா," என்றார். யாரும் என் காலைப் பார்த்து இதுதான் வேணும் என்று சொன்னதில்லை. பெண்டாட்டி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, முடியை முன்னால் போட்டுத் தலையைக் கவிழ்த்து அழுகிற மாதிரி இருந்தாள். மேலே தொங்குகிற சேலை அசையும் என்று ஏசியை நிறுத்திவிட்டார்கள். வேர்த்துக் கொட்டியது. "தொடைக்காதீங்க, மின்னட்டும்."

பாட்டரி மெழுகுதிரி ஒன்று கொண்டு வந்திருந்தார். அதை என் தலைமாட்டில் வைத்து எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எனக்கும் தெரிந்தது. அந்தத் தீ எரிகிறது, ஆனால் அதற்குப் பயமே இல்லை. நிஜத் தீ ஒவ்வொரு மூச்சுக்கும் நடுங்கும். சுவரில் நிழலும் கூடவே நடுங்கும். அப்போது நான் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் போனேன்.

அந்தத் திரியை எதற்காவது எடுப்பேன் என்று யாராவது முன்னே சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். என்ன நினைத்து எடுத்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். படம் நன்றாக வர வேண்டும் என்ற ஆசைதான். வேறொன்றும் இல்லை. தம்பியின் பெண்டாட்டியும் எங்கள் கரைதான், பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "பெரியம்மா, இது…" என்று இழுத்தாள். "பொருத்து," என்றேன்.

திரி எரிந்ததும் ரூமே மாறிப்போயிற்று. நான் திரும்பிப் படுத்தேன். கேமராவைத் திறந்தால் கொஞ்ச நேரம் திறந்தே இருக்குமாம், மூடும்போது க்ளிக் என்று கேட்குமாம். அதுவரை அசையக் கூடாது, மூச்சை மெல்ல விட வேண்டும் என்றார். அவர் பீரோ பக்கத்தில் இருட்டுக்குள் ஸ்டாண்டில் மாட்டின கேமராவோடு நின்றார். "இப்போ," என்றார்.

அப்போதுதான் வெளிக்கதவில் சாவி திரும்பியது.

மகள் அன்றைக்கு டூட்டி மாற்றிக்கொண்டு சீக்கிரம் வந்துவிட்டாள். அது எங்களுக்குத் தெரியாது. கதவு திறந்தது. அவள் பை கீழே விழுந்தது. சாப்பாட்டு டப்பா உருண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. கண் மூடியிருந்தாலும் எனக்கு எல்லாம் தெரிந்தது. இருட்டு ரூம், கட்டிலுக்கு மேலே தொங்குகிற சிவப்புச் சேலை, வெள்ளைச் சேலையில் நான், பக்கத்தில் ஒருத்தி தலைவிரித்து அழுகிறாள், தலைமாட்டில் நீல ரிப்பன் கட்டின அந்தத் திரி எரிகிறது. அந்தத் திரி எரிந்தால் என்ன அர்த்தம் என்று என் மகளுக்குச் சின்ன வயசிலேயே தெரியும்.

அவள் கத்தவில்லை. மெல்ல வந்தாள். வந்து என் கால்மாட்டில் குனிந்தாள்.

க்ளிக் என்று கேட்டது.

அது எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது. அதுவரை நான் அசையாமல் கிடந்தது தம்பி சொன்னதற்காக. அதற்குப் பிறகு அசையாமல் கிடந்தது எனக்காக. அதை நான் யார் தலையிலும் போட முடியாது.

என் இரண்டு காலையும் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. பஸ்ஸில் ஏசியில் வந்த கை. காலைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கும் டூட்டி," என்றாள். "ஒனக்கும் டூட்டியாம்மா எனக்கு?"

அழுதாள். எங்கள் ஊர்ப் பொம்பிளைகள் அழுகிற மாதிரி வார்த்தை வைத்து அழவில்லை. சின்னப் பிள்ளையில் காய்ச்சலில் முனகுவாளே, அந்தச் சத்தம். நான் கேட்டுக்கொண்டே கிடந்தேன். எனக்காக ஒருத்தர் அழுவதை நான் அதுவரை கேட்டதில்லை. என் அம்மா சாகும்போது என் பெயரைச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் நல்ல மனுசர், ஆனால் பேச மாட்டார். இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று இருந்தது. பெற்ற பிள்ளையின் வயிறு எரிகிறது, நான் அதில் குளிர் காய்கிறேன். இதை எப்படி நல்ல வார்த்தையில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு கண்ணைத் திறந்தேன். "மக்ளே," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். காலை மெல்லக் கட்டிலில் வைத்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் தம்பிக்கு வாய் வந்தது. "அக்கா, மன்னிச்சுருங்க அக்கா, நான், எனக்கு…" என்று தடுமாறிக்கொண்டே குப்பைப் பைகளைப் பிய்த்து எடுத்தார். வெயில் உள்ளே கொட்டியது. எல்லார் முகமும் அசிங்கமாகத் தெரிந்தது, என் முகம்தான் அதிகமாக என்று நினைக்கிறேன். அவர் பெண்டாட்டி திரியை ஊதி அணைத்து, என்னைப் பார்க்காமலே கையில் கொடுத்தாள்.

மகள் என்னைத் திட்டவில்லை. எழுந்து, உருண்ட டப்பாவை எடுத்தாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். போய்ச் சாதத்தைச் சுடவைத்தாள். எல்லாருக்கும் போட்டாள். தம்பி சோற்றை விழுங்க முடியாமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. டூட்டி முடிந்து வந்தால் அவள் சாவியைப் போடுவதற்கு முன்னாலேயே வெளியில் நின்று "ம்மா" என்பாள். நான் "வா மக்ளே" என்று சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். ஒரு நாள் நான் குளியலறையில் இருந்தேன், அவள் கூப்பிட்டது கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தால் கதவு மூடியே இருக்கிறது. திறந்தேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, கேட்கவில்லை.

கோயிலில் தம்பி எங்களிடம் வந்து போனை நீட்டினார். அந்த மத்தியானம் எடுத்ததில் அந்த ஒரு படம்தான் படம் என்றார். நீங்கள் வேண்டாமென்றால் இப்போதே அழித்துவிடுகிறேன் என்றார். பார்த்தேன். நான் அசையாமல் கிடந்ததால் என் முகச் சுருக்கம், வேர்வை, காலின் வீக்கம் எல்லாம் கல்லில் செதுக்கினது மாதிரி தெளிவாக இருக்கிறது. என் மகள் நடந்து வந்தவள், அதனால் அவள் மட்டும் புகை மாதிரி. யூனிபார்மில் வெளிச்சம் பட்டு வெள்ளையாக ஒரு உரு குனிகிறது, முகம் இல்லை. செத்தவள் மாதிரி நடித்தவள் முழுசாக இருக்கிறாள், உயிரோடு துடித்தவள் கரைந்துபோயிருக்கிறாள். பழைய ஓவியக்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்துதான் வரைந்தார்களோ என்னமோ.

மகள் ரொம்ப நேரம் பார்த்தாள். "போடுங்க," என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாதி வழியில் அவளே பேசினாள்.

"ம்மா, ஒனக்கு டிக்கெட் போடுதேன். ஊருக்குப் போ."

"என்ன திடீர்னு?"

"அப்பாவுக்கு நான் அழவே இல்லம்மா. பாக்கலயே, எப்படி அழ? மண்ணப் பாத்தா அழ வருது? அன்னைக்கு ஒன் காலப் பிடிச்சுகிட்டு ரெண்டு பேருக்கும் சேத்து அழுதுட்டேன். இனி நீ எங்க இருந்தாலும் என்னால தாங்க முடியும். போ."

நான் இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த விதம்தான் சரியில்லை. நடைபாதையில் நின்றுவிட்டேன்.

"க்ளிக் கேட்டுச்சு மக்ளே. கேட்ட பெறவும் நான் முழிக்கல."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கையில பிடிச்சிருந்தேன்லா. கால் வெரலு மடங்கிச்சு." கொஞ்சம் சிரித்தாள். "இத்தன வருசம் நர்ஸு, நாடி பாக்கத் தோணல. வெரலு மடங்கினதும் வெளங்கிட்டு."

"பெறவு எதுக்கு அழுத?"

"வந்த அழுகைய என்ன செய்ய? பாதியில நிறுத்தச் சொல்லுதியா?"

பின்னால் வந்தவர் வழி விடச் சொன்னார். ஒதுங்கி நின்றோம்.

ரூமுக்கு வந்ததும் சொன்னேன், நான் போகவில்லை என்று. அவள் நம்பவில்லை. அப்பா பக்கத்தில் இடம் என்னாச்சு என்று கேட்டாள். அந்த இடம் அங்கேயே இருக்கட்டும், பெட்டியில் அடைத்து அனுப்பினாலும் சரி என்றேன். அவள்மேல் இரக்கப்பட்டு இங்கே தங்குகிறேன் என்று அவள் நினைத்துவிடக் கூடாது என்று இங்கே எழுதுகிறேன். இரக்கம் இல்லை. இங்கே செத்தால் ஆஸ்பத்திரி, போலீஸ், தூதரகம், கார்கோ என்று அவள்தான் அலைய வேண்டும். எத்தனை பேருக்கு அவள் அலைந்திருக்கிறாள் என்று கோயிலில் மற்றவர்கள் சொல்லி எனக்குத் தெரியும். தெரிந்தும் இருக்கிறேன். கடைசியில் என் காலை அவள்தான் பிடிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. முன்னே அந்த ஆசை இல்லை. படுத்துப் பார்த்ததால் வந்தது. நான் மாதாவாகப் படுத்ததற்குப் பாவம் வந்து சேரும் என்று பயந்தேன், வந்தது இந்தப் பாவம்தான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் இது பாவமே இல்லை என்றார். அவருக்கு நான் சரியாகச் சொல்லவில்லை போலிருக்கிறது.

புத்தகம் போடுகிறவர்களுக்கு ஒன்று. அந்த ஓவியர்கள் தெருவில் போகிற ஆட்களைத்தான் படுக்கவைத்து வரைந்தார்களா என்பதைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டதை எழுதியிருக்கிறேன். இன்னொன்று, க்ளிக் என்று கேட்டதற்கும் நான் கண் திறந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. எனக்கு ரொம்ப நீளமாக இருக்கிறது. மகளிடம் கேட்காதீர்கள், அவள் குறைத்துச் சொல்லுவாள். தம்பியின் பெண்டாட்டி என் பக்கத்திலேயே இருந்தாள். அவளிடம் கேட்டு, அவள் என்ன சொல்லுகிறாளோ அதைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.